தோர்கலின் உலகத்தை நம் மேசைக்குக் கொண்டுவர எந்த விதிநூல்?

கொட்டகலையில் ஏ/எல் படிக்கும் ஒரு தம்பி, பண்டாரவளையில் ஆசிரியையாக இருக்கும் ஒரு அக்கா, மஸ்கெலியாவில் கடை வைத்திருக்கும் என் பழைய நண்பர் ஒருவர். மூன்று பேரும் கொஞ்ச நாள் இடைவெளியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "தோர்கல் காமிக்ஸ் கதையை மினியேச்சர் போராக ஆடிப் பார்க்க ஆசை. எந்த விதிநூலை எடுப்பது?" மூவரும் இணையத்தில் தேடி நான்கு பெயர்களைப் பிடித்து வைத்திருந்தார்கள்: சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ், டிராகன் ராம்பன்ட், சாகா, ஹோர்ட்ஸ் ஆஃப் தி திங்ஸ். நான்கில் எது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டார்கள். நான்கையுமே எங்கள் வீட்டு இஸ்தோப்பில் ஆடிப் பார்த்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மினியேச்சர் போர் என்பது விரல் உயரப் பொம்மை வீரர்களை ஒரு மேசைக் களத்தில் நிறுத்தி, அளவுநாடாவால் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி முடிவு காண்கிற ஆட்டம். சதுரங்கம் போலக் கட்டம் கிடையாது. மலை, ஆறு, மரம் எல்லாம் நாமே செய்து வைப்பது.

தோர்கல் லயன்-முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தவர். ழான் வான் ஹாம் எழுத, போலந்து ஓவியர் கிரெகோர் ரோசின்ஸ்கி வரைய, 1977இல் டின்டின் இதழில் தொடங்கிய தொடர். விண்ணிலிருந்து வந்தவர்களின் குழந்தையை வைக்கிங்குகள் எடுத்து வளர்க்கிறார்கள். அவன் பெரியவனாகி ஆரிசியாவைக் கட்டி, ஜோலன், லூவ் என்று இரண்டு பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்க இடம் தேடி அலைகிறான். தெய்வங்கள் வருகிறார்கள், சூனியக்காரிகள் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலான பக்கங்களில் குளிரும் பசியும் வில்லும் கத்தியும்தான். மந்திரம் எப்போதாவதுதான் வரும். வந்தால் யாராவது அதற்கு விலை கொடுத்தே ஆக வேண்டும்.

இதை மறந்துவிட்டு விதிநூல் தேடினால் ஆட்டம் கெட்டுவிடும். முக்கால்வாசிக் கற்பனைப் போர் விதிகளில் மந்திரவாதியும் வில்லாளி மாதிரி ஒரு ஆயுதம்தான். படை சேர்க்க விதிநூல் நமக்குத் தரும் புள்ளிகளைக் கொடுத்து வாங்கினால் சுற்றுக்கு ஒரு முறை நெருப்பு எறிவார். தோர்கல் உலகில் அப்படி ஒருவர் இருந்தால் இரண்டாவது பக்கத்தோடு கதை முடிந்துவிடும்.

## எதை வைத்து அளக்கிறேன்

முதலாவது, மந்திரத்தை வெளியே எடுத்து வைத்த பிறகும் விதி நிற்குமா? சில விதிகளில் மந்திரத்தைக் கழற்றினால் பாதி சுவாரசியம் போய்விடும்.

இரண்டாவது, பெயருள்ள ஒரு ஆள் விழுந்தால் மனசு பதறுமா? தோர்கல் நாடு பிடிக்கப் போகிறவன் அல்ல, குடும்பத்தோடு உயிர் பிழைக்கப் பார்ப்பவன். நாற்பது பேரில் ஒருவனாக அவன் கரைந்து போகிற விதி எனக்கு வேண்டாம்.

மூன்றாவது, இடம். லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் கட்டில், அலுமாரி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. ஆறடிக்கு நாலடி மேசை என்று விதிநூல் சாதாரணமாகச் சொல்லிவிடும். அதை எங்கே போடுவது?

நான்காவது, கைக்காசு. பொம்மையின் விலையோடு அஞ்சல் கூலி, சுங்கம், டொலரில் செலுத்தக்கூடிய வங்கி அட்டைக்காக யாரிடமாவது போய் நிற்பது எல்லாவற்றையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, மொழி. நான்கு நூல்களும் ஆங்கிலம்தான். குழுவில் ஒருவர் படித்து, தமிழில் ஒரு பக்கக் குறிப்புத்தாள் எழுதி, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்த உழைப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் மேசையில் கண்டதை வைத்து ஒரு பார்வை:

| | சாங் ஆஃப் பிளேட்ஸ் | டிராகன் ராம்பன்ட் | சாகா | ஹோர்ட்ஸ் ஆஃப் தி திங்ஸ் |
|---|---|---|---|---|
| ஒரு பக்கத்துக்கு வீரர்கள் | 5 முதல் 10 | 30 முதல் 60 (குறைக்கலாம்) | 25 முதல் 45 | பத்துப் பன்னிரண்டு தட்டுகள் (தட்டுக்குச் சில பொம்மைகள்) |
| களம் | 2 அல்லது 3 அடிச் சதுரம் | 6 x 4 அடி | 4 x 3 அடி | 2 அடிச் சதுரம் |
| ஒரு ஆட்டம் | ஒரு மணித்தியாலம் | ஒன்றரை மணி | இரண்டு மணி | ஒரு மணி |
| மந்திரத்தைக் கழற்றினால் | நிற்கும் | நிற்கும் | முதலிலேயே இல்லை | நிற்கும், சுவை குறையும் |
| தனி ஆளின் கதை | முழுதாக | தலைவனுக்கு மட்டும் | தலைவனுக்கு மட்டும் | இல்லை |
| கற்றுக்கொடுக்க | அரை மணி | அரை மணி | இரண்டு ஞாயிறு | ஒரு ஞாயிறு |

## சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ்

இத்தாலியரான அந்த்ரேயா ஸ்ஃபிலிகோய் 2007இல் வெளியிட்ட சிறு நூல். ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டே எண்கள்தான்: தரம், போர்த்திறன். உங்கள் முறை வந்ததும் ஒரு ஆளைத் தொட்டு ஒன்று, இரண்டு அல்லது மூன்று கட்டைகளை உருட்டுகிறீர்கள். ஆளின் தர எண்ணோ அதற்கு மேலோ விழுந்த ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு செயல், அதனால் தர எண் சிறிதாக இருந்தால்தான் நல்லது. இரண்டு கட்டைகள் தவறினால் உங்கள் முறை முடிந்தது, எதிராளிக்குப் போய்விடும்.

இந்த ஒரே விதிக்குள் முழு நாடகமும் இருக்கிறது. ஒரு கட்டை உருட்டினால் பயமில்லை, ஆனால் மெதுவாகத்தான் போக முடியும். மூன்று உருட்டினால் ஓடிப்போய் வெட்டலாம், தவறினால் மற்ற எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். ஆரிசியா ஆற்றங்கரையில் தனியாக நிற்கிறாள், தோர்கல் இரண்டு அளவுக் கம்பு தள்ளி இருக்கிறான், மூன்று கட்டையைக் கையில் எடுக்கிறீர்கள். அந்த நேரத்தில் இஸ்தோப்பில் ஒருவரும் பேசமாட்டார்கள்.

சண்டையும் சுருக்கம். இருவரும் ஒவ்வொரு கட்டை உருட்டிப் போர்த்திறனைக் கூட்டுகிறார்கள். தோற்றவர் பின்வாங்குவார் அல்லது விழுவார். எதிராளியின் கூட்டுத்தொகை இரண்டு மடங்கானால் சாவு. மூன்று மடங்கானால் கோரச் சாவு, பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டாளிகளின் மன உறுதியும் ஆடிப்போகும்.

நகர்வை அளக்க அங்குலக் கணக்கு வேண்டாம், குட்டை, நடு, நெட்டை என்று மூன்று கம்புகள் போதும். அம்மாவின் பழைய மட்டக்கம்பை நினைத்துக்கொண்டு மூங்கிலில் மூன்று துண்டு சீவினேன். இன்றைக்கும் அவைதான்.

மந்திரத்துக்கு வருவோம். இந்த நூலில் மந்திரம் போடும் தகுதியைப் புள்ளி கொடுத்து வாங்கலாம். வாங்கினால் அந்த ஆள் தன் முறை வரும்போதெல்லாம் தூரத்திலிருந்து தாக்கலாம், எதிரியை அசையாமல் கட்டிப்போடலாம். அதை நாங்கள் எடுப்பதே இல்லை. பதிலுக்கு ஒரு வீட்டுவிதி வைத்திருக்கிறோம்: மந்திரம் தெரிந்தவர் ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவைதான் அதைப் பயன்படுத்தலாம், பயன்படுத்திய கணத்திலிருந்து அவருடைய தர எண் ஒன்று மோசமாகும். ஜோலனுக்குப் பொருட்களைக் கரைத்துவிடும் சக்தி உண்டு. எங்கள் மேசையில் அவன் ஒரு எதிரியின் ஆயுதத்தை இல்லாமல் செய்யலாம், அதன் பிறகு பையன் களைத்துவிடுவான், யாராவது தூக்கிக்கொண்டுதான் நகர வேண்டும். லூவ் மிருகங்களோடு பேசுகிறவள், அதனால் ஓநாய்கள் அவளை மட்டும் தாக்காது. இவ்வளவுதான், ஆனாலும் போன வருடம் முழுக்க ஆடியதில் பிள்ளைகளுக்கு இப்போதும் ஞாபகம் இருப்பது இந்தக் கணங்கள்தான்.

குறையும் இருக்கிறது. எதிராளி முதல் கட்டைகளிலேயே தவறிக்கொண்டே இருந்தால் ஒருவர் ஆடுகிற பாட்டுக்கு மற்றவர் வேடிக்கை பார்க்க நேரிடும். சின்னப் பிள்ளைகளுக்கு இது சலிப்பூட்டும். இன்னொன்று, இருபது பேருக்கு மேல் வைத்தால் ஆட்டம் இழுபறியாகிவிடும். பெரிய கப்பல் கொள்ளையைக் காட்ட இது உதவாது.

கொட்டகலைத் தம்பிக்கு நான் சொன்னது இதைத்தான். கையில் காசு இல்லை, நாலு நண்பர்கள், ஒரு சின்ன மேசை, கதையின் மேல் உயிர். அப்படிப்பட்டவருக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

## டிராகன் ராம்பன்ட்

டேனியல் மெர்சி எழுதி 2015இல் ஆஸ்ப்ரே வெளியிட்டது. படை 24 புள்ளி. ஒவ்வொரு அணிக்கும் ஆறு அல்லது பன்னிரண்டு பலப்புள்ளி. அந்தப் பன்னிரண்டைப் பன்னிரண்டு பொம்மைகளாகவும் காட்டலாம், ஆறாகவும் காட்டலாம், பூதம் மாதிரி ஒரே உருவமாகவும் வைக்கலாம். பக்கத்தில் ஒரு கட்டையை வைத்து மீதிப் பலத்தைக் குறித்துக்கொண்டால் போதும். காசு குறைந்தவர்களுக்கு இது பெரிய உதவி. அட்டவணையில் "குறைக்கலாம்" என்று போட்டது இதனால்தான்.

ஒரு அணியை நகர்த்த இரண்டு கட்டை. தவறினால் முறை போய்விடும். நூலில் இருக்கும் அணி வகைகளில் கோபக்காரக் காலாட்படை ஒன்று உண்டு, எதிரி பக்கத்தில் வந்தால் சொல்பேச்சுக் கேட்காமல் பாய்ந்துவிடும். வைக்கிங் கொள்ளையர்களுக்கு அளந்து தைத்த சட்டை அது. மந்திரம் தனியாக வாங்க வேண்டிய மேலதிகத் திறமை என்பதால் வாங்காமல் விட்டால் ஒன்றும் குறையாது.

மறைந்திருக்கும் செலவு மேசைதான். 28 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு ஆறடிக்கு நாலடி கேட்கும். நாங்கள் அதைவிடச் சிறிய 1/72 அளவுப் பொம்மைகளை (நிஜ ஆளின் உயரத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) எடுத்து, எல்லா அங்குலத்தையும் பாதியாக்கி, மூன்றடிக்கு இரண்டடிப் பலகையில் ஆடினோம். நன்றாகவே ஓடியது. தோர்கல் மட்டும் ஒரு அணியின் தலைவனாகச் சுருங்கிப் போனான். ஆரிசியாவுக்கு இடமே இல்லை.

பண்டாரவளை அக்கா பாடசாலையில் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆட நினைக்கிறார். பிள்ளைக்கு ஒரு அணி கொடுத்தால் எல்லாருக்கும் வேலை இருக்கும், மண்டபத்தில் மேசைகளைச் சேர்த்துப் போடவும் இடம் இருக்கிறது. அவருக்கு இதுதான் சரி.

## சாகா

ஸ்டூடியோ டோமஹாக் 2011இல் கொண்டுவந்தது. இது கற்பனை உலகத்துக்கு எழுதிய விதியே அல்ல, வைக்கிங் காலத்து வரலாற்றுச் சண்டைக்கு எழுதியது. அதனால்தான் பட்டியலில் சேர்த்தேன். மந்திரம் குறைந்த உலகத்துக்கு, மந்திரமே இல்லாத விதியில் தொடங்கி ஒரு சிட்டிகை சேர்ப்பது பல சமயம் சுலபமாக இருக்கும்.

ஒவ்வொரு படைக்கும் ஒரு போர்ப்பலகை உண்டு. கட்டைகளை உருட்டி அதன் கட்டங்களில் வைத்து, அந்தச் சுற்றில் யார் நகர்வது, எந்தத் திறமை வேலை செய்வது என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டும். யோசித்து ஆடுகிறவர்களுக்கு நான்கிலும் இதுவே ஆழமானது.

ஆனால் செலவு! ஒரு புள்ளிக்கு மெய்க்காவலர் நான்கு பேர், அல்லது வீரர் எட்டுப் பேர், அல்லது குடிப்படை பன்னிரண்டு பேர், தலைவன் இலவசம். நான்கு புள்ளிச் சின்னப் படையே இருபத்தைந்து பொம்மை ஆகிவிடுகிறது, ஆறு புள்ளி என்றால் நாற்பதைத் தாண்டும். அதைவிட விதிநூல் ஒன்று, காலத்துக்குரிய துணைநூல் ஒன்று, தனிக் குறியீடு போட்ட கட்டைகள் வேறு. கட்டைகளைச் சாதாரணக் கட்டையால் ஈடுகட்டலாம். பலகையில் இருக்கும் ஆங்கிலக் குறிப்புகளைத்தான் ஈடுகட்ட முடியாது. நான் ஒரு பலகையைத் தமிழில் எழுதி முடிக்க மூன்று இரவு பிடித்தது.

மஸ்கெலியா நண்பரிடம் ஏற்கனவே இரண்டு பெட்டி வைக்கிங் பொம்மைகள் இருக்கின்றன, எதிரே உட்கார அவருடைய தம்பியும் சளைக்காத ஆள். அவர் சாகாவுக்குப் போகட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில் கை வைக்க வேண்டாம்.

## ஹோர்ட்ஸ் ஆஃப் தி திங்ஸ்

1991ஆம் ஆண்டு நூல், பழையது. 24 புள்ளிக்குப் படை, பொம்மைகளைத் தட்டுகளில் ஒட்டி ஒரு தட்டை ஒரு அணியாக நகர்த்துவது, இரண்டடிச் சதுரத்தில் பெரும்போர். இடம் குறைந்தவர்களுக்கு இதைவிடச் சிக்கனமாக ஒரு பெரிய யுத்தத்தைக் காட்ட முடியாது. மந்திரவாதி, தெய்வம், டிராகன் எல்லாம் பட்டியலில் இருக்கும், எடுக்காமல் விடலாம். ஆனால் நூலின் குறும்பே அவற்றில்தான் இருக்கிறது. விட்டுவிட்டால் ஈட்டியும் கேடயமும் முட்டிக்கொள்கிற ஆட்டமாக வறண்டுவிடுகிறது. தோர்கல் ஒரு தட்டாக ஆகிவிடுவான். ஒரு தொடரின் கடைசிப் போருக்கு மட்டும் நான் இதை எடுப்பேன்.

## பொம்மைகள்

விதி முடிவானால் அடுத்த தலைவலி இது.

கடதாசி வீரர்கள்: நீங்களே வரைந்து, கொமியூனிகேஷன் கடையில் தடித்த மட்டையில் அச்செடுத்து, மடித்து ஒட்டி நிறுத்துவது. பத்துப் பேருக்கு ஒரு பனிஸ் காசுதான் போகும். நம் ஊர் ஈரத்தில் ஒரு மாதத்தில் வளைந்துவிடும் என்பதுதான் குறை. இரண்டு பக்கமும் அகன்ற செலோடேப் ஒட்டிவிட்டு வெட்டினால் ஒரு வருடம் தாங்கும். காமிக்ஸ் பக்கத்தைப் பிரதி எடுத்து வெட்டி வைப்பதாக இருந்தால் உங்கள் மேசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஸ்கேன் செய்து ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். தமிழில் இந்தப் புத்தகங்கள் வருவதே காசு கொடுத்து வாங்குகிற சின்னக் கூட்டத்தால்தான்.

1/72 மென்பிளாஸ்டிக்: ஒரு பெட்டியில் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள், ஆள் கணக்குக்கு மிக மலிவு. எம்ஹார் பெட்டியில் வைக்கிங்குகளே உண்டு. வளையும் பிளாஸ்டிக் என்பதால் ஈட்டி நுனியில் வண்ணம் உரியும். பூசுவதற்கு முன் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் கொஞ்சம் குறையும்.

28 மில்லிமீட்டர் கடினப் பிளாஸ்டிக்: அழகு என்றால் இதுதான். முகத்தில் கோபம் தெரியும், கேடயத்தில் உங்கள் கைவேலையைக் காட்டலாம். பார்சல் கூலியும் சுங்கமும் சேர்ந்து வருகிறபோதுதான் உண்மை விலை தெரியும். தனியாக வாங்காமல் நாலு பேர் சேர்ந்து ஒரு பெட்டியைப் பிரித்துக்கொள்ளுங்கள், சாங் ஆஃப் பிளேட்ஸுக்கு ஒரே பெட்டி எல்லாருக்கும் போதும். தீபாவளி முற்பணத்தில் தயவுசெய்து இதை வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு வேலை இருக்கிறது.

வண்ணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆடி மாதத்து மூடுபனியில், அவசரப்பட்டு, வாசலில் நின்று மங்கல் வார்னிஷை ஸ்பிரே செய்தேன். காற்றில் இருந்த ஈரம் அதோடு கலந்து பதினான்கு வீரர்களும் சாம்பல் பூசினாற்போல் வெளுத்துவிட்டார்கள். இரண்டு மாத வேலை. தை, மாசியில் காய்ந்த வெயில் வரும்வரை பொறுத்திருந்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தூரிகையால் பூசும் வார்னிஷ் வாங்குங்கள். ஸ்பிரேயை ரெஜிபோம் மேல் அடித்தால் அது உருகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள், மலை செய்யும்போது தண்ணீரில் கரையும் பெயின்ட்தான் பூச வேண்டும்.

ஆனால் களம் செய்ய நம்மைப் போல் கொடுத்து வைத்தவர்கள் யாரும் இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் மிலாறைப் பாருங்கள், ஒவ்வொரு குச்சியும் முறுக்கிக்கொண்டு வடதேசத்து இலையுதிர்ந்த கிழட்டு மரம் மாதிரியே இருக்கும். விறகுக்குப் போவதில் நாலு குச்சி எடுத்தால் காடு ரெடி. வடித்த தேயிலைச் சக்கையை வெயிலில் நன்றாக உலர்த்திப் பசையில் தூவினால் காட்டுத் தரை. அரைகுறையாக உலர்த்தினால் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அது மட்டும் கவனம்.

## இந்த ஞாயிறே தொடங்க

சாங் ஆஃப் பிளேட்ஸ் எடுத்தவர்களுக்கு எங்கள் முதல் ஆட்டத்தை அப்படியே தருகிறேன். மூன்றடிச் சதுரம். நடுவில் குறுக்கே ஒரு ஓடை, அதைக் கடக்க இரண்டே இடங்கள். ஒரு பக்கம் தோர்கல், ஆரிசியா, ஜோலன், லூவ், நாய் மஃப். தோர்கலுக்குத் தரம் 2, போர்த்திறன் 4, வில் உண்டு. பிள்ளைகளுக்குப் போர்த்திறன் 1. எதிரே தலைவனோடு ஏழு கொள்ளையர்கள், தலைவனுக்குத் தரம் 3, மற்றவர்களுக்கு 4, எல்லாருக்கும் போர்த்திறன் 3.

மூடுபனி என்பதால் நடுக் கம்பின் நீளத்துக்கு அப்பால் யாரும் யாரையும் பார்க்க முடியாது, அம்பும் விட முடியாது. குடும்பம் எதிர்ப்பக்க விளிம்பால் வெளியேறினால் வெற்றி. ஒரு பிள்ளை பிடிபட்டாலும் தோல்வி. எதிரிகளைக் கொன்றால் புள்ளி கிடையாது.

ஓடையின் நடுவில் ஒரு நிறுத்திவைத்த கல். அதைத் தொட்டு ஒருவர் உதவி கேட்கலாம், ஆட்டம் முழுவதிலும் ஒரே தடவை. கேட்டால் மூடுபனி குட்டைக் கம்பின் அளவுக்கு இறுகிவிடும், கொள்ளையர்கள் பக்கத்தில் இருப்பவனைக்கூடக் காணமாட்டார்கள். ஆனால் கேட்டவர் அந்த ஆட்டத்தில் அதன்பின் ஒரே ஒரு கட்டைதான் உருட்டலாம். எங்கள் வீட்டில் முதல் தடவை ஆரிசியாதான் போய்த் தொட்டாள். தோர்கல் அவளுக்காக இரண்டு சுற்று கரையிலேயே நின்றான்.